சரக்கோடு சரக்காக

ராத்திரி சமையலறை விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, பிரிட்ஜுக்குப் பின்னால் மோட்டார் சூடு படும் இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். அரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான நீளம், வெளிர் பழுப்பு நிறம், தலைக்குப் பின்னால் மை தொட்டு இழுத்ததுபோல் இரண்டு கருங்கோடுகள். சாக்கடை வழியாக ஏறி வரும் பெரிய சிவப்புக் கரப்பான் வேறு. அதற்கு அமெரிக்கக் கரப்பான் என்று பெயர், பூர்வீகம் ஆப்பிரிக்கா. இந்தச் சின்னது ஜெர்மன் கரப்பான். இதற்கும் ஜெர்மனிக்கும் பிறப்புத் தொடர்பு கிடையாது. கொச்சி மட்டாஞ்சேரியின் பழைய ஓட்டு வீடுகளில் இரண்டும் குடியிருக்கின்றன. மருந்து வாங்கப் போகுமுன் நம் வீட்டில் இருப்பது எது என்று தெரிந்துகொள்வது பாதி வேலை. பெரியதென்றால் சாக்கடையைப் பார்க்க வேண்டும், சின்னதென்றால் சமையலறையை.

சின்னதன் பிறப்புச் சான்றிதழ் 2024 மே மாதம்தான் வெளியானது. சியென் டாங் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 17 நாடுகளிலிருந்து 281 கரப்பான்களைச் சேர்த்து மரபணுவைப் படித்து, அமெரிக்க அறிவியல் அகாதமியின் சஞ்சிகையில் எழுதினார்கள். சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன், இந்தியாவிலோ மியான்மரிலோ, ஆசியக் கரப்பான் என்ற காட்டு இனத்திலிருந்து இது பிரிந்திருக்கிறது. அந்த மூதாதை இன்றும் உண்டு. வயலிலும் சருகிலும் வாழும், நன்றாகப் பறக்கும், விளக்கைக் கண்டால் ஓடி வரும். வீட்டுக்குள் வந்த கிளையோ விளக்கைக் கண்டால் ஓடி ஒளியும். இறக்கை இருக்கிறது, பறக்கும் திராணி போய்விட்டது. இன்று மனிதர் கட்டிய கூரைக்கு வெளியே இதைக் காண முடியாது. உலகத்தில் காடு என்று ஒன்று இல்லாத பூச்சி.

முதல் பயணம் மேற்கே. சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன், உமையா, அப்பாஸியக் கலீபாக்கள் ஆண்ட காலத்து வணிகத்தோடும் படைகளோடும் மத்திய கிழக்குக்குப் போயிருக்கிறது. இரண்டாவது பயணம் கிழக்கே, சுமார் 390 ஆண்டுகளுக்கு முன், இந்தோனேசியா பக்கம். அது டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் கம்பெனி கட்டி வாசனைப் பொருள் ஏற்றிய காலம். கொச்சித் துறையில்தான் கப்பல் ஏறியது என்று மரபணு சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் மிளகு போன கப்பல்களைப் பற்றிப் பேசும்போது மட்டாஞ்சேரியை ஒதுக்கிவிட்டுப் பேசவும் முடியாது.

கப்பலில் இதற்கு என்ன குறை? இருட்டு, ஈரம், சூடு, சிந்திய மாவு. அதைவிடப் பெரிய வசதி இதன் உடம்பிலேயே இருக்கிறது. மற்ற வீட்டுக் கரப்பான்கள் முட்டைக்கூட்டை எங்காவது மூலையில் ஒட்டிவிட்டுப் போய்விடும். ஜெர்மன் கரப்பானின் பெண் முப்பது நாற்பது முட்டை கொண்ட கூட்டை, பொரிக்கும் தறுவாய் வரை வயிற்று நுனியில் சுமந்தே திரியும், இடுப்பில் சுருக்குப்பை செருகிய ஆச்சி மாதிரி. ஒரே ஒரு கர்ப்பிணி சாக்கு மடிப்பில் ஏறிக்கொண்டால் போதும், போய் இறங்கும் ஊரில் ஒரு வம்சம் தயார்.

ஐரோப்பாவுக்குள் நுழைந்தது சுமார் 270 ஆண்டுகளுக்கு முன். அப்போது அங்கே ஏழாண்டுப் போர் நடந்த சமயம். ரஷ்யர்கள் இதைப் பிரஷ்யன் என்று திட்ட, பிரஷ்யர்கள் ரஷ்யன் என்று திட்டினார்கள். ஸ்வீடன்காரரான லின்னேயஸ் 1767-இல் அறிவியல் பெயர் சூட்டி ஜெர்மன் தலையில் கட்டிவிட்டார். எனக்கு இதில்தான் வேடிக்கை. கொச்சியை 1663-இல் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்த டச்சுக்காரர்களில் ஒருவரான வான் ரீடே, இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரையும் ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி பிராமணர்களையும் வைத்து மலபார் செடிகளைப் பட்டியலிட்டார். அந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 பாகங்களாக வந்தது. பின்னால் செடிகளுக்குப் பெயர் வைக்க லின்னேயஸ் புரட்டிய நூல்களில் அதுவும் ஒன்று. இந்தக் கரையின் மிளகுக்கொடி எந்த ஊர் என்று அவருக்குக் காகிதத்தில் இருந்தது. காலடியில் ஓடிய பூச்சி எந்த ஊர் என்று எழுதிக் கொடுக்க ஆள் இல்லை.

உலகத்தின் மிச்ச இடங்களுக்கு இது பரவியது கடைசி 120 ஆண்டுகளுக்குள்தான். நீராவிக் கப்பல் பயண நாட்களைக் குறைத்தது. வீட்டுக்குள் குழாய்த் தண்ணீரும் கணப்பும் வந்து, குளிர் நாட்டுச் சமையலறையையும் நம்மூர்ச் சமையலறை ஆக்கின. கொச்சியிலும் அதே காலத்தில் துறைமுகம் மாறியது. அதுவரை பெரிய கப்பல்கள் முகத்துவாரத்துக்கு வெளியே நங்கூரமிட, சரக்கு வள்ளங்களில் போய்வரும். பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ மணல்திட்டை வெட்டி வழி திறக்க, 1928-இல் ‘பத்மா’ என்ற கப்பல் உள்ளே வந்தது. 2011-இல் வல்லார்பாடத்தில் கண்டெய்னர் முனையம் திறந்தது. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டின் பாண்டிகசாலைக் கிடங்குகள் பல இன்று பழம்பொருள் கடையாகவும் காப்பிக் கடையாகவும் ஆகிவிட்டன. சாக்கு குறைந்தது, அட்டைப்பெட்டி பெருகியது. கரப்பானுக்கு இது பதவி உயர்வு. அட்டையின் நெளிவுக்குள் அதன் உடம்பு அளவுக்கே இடுக்கு உண்டு, ஒட்டிய பசையில் மாவுச்சத்தும் உண்டு.

இனி அதைத் துரத்திய கதை. வசம்பு ஹோர்த்துஸிலேயே இருக்கிறது. புத்தக அலமாரியிலும் அரிசிப் பானையிலும் வைத்தால் பூச்சி அண்டாமல் இருக்கும். இந்தக் கரப்பான் அதற்கு அசைந்து கொடுப்பதாக நான் பார்த்ததில்லை. போரிக் பவுடர், கேரம் போர்டில் தூவுவோமே அதே வகைதான், உண்மையாகவே வேலை செய்யும். காலில் ஒட்டும், கரப்பான் காலை நக்கிச் சுத்தம் செய்யும், வயிற்றுக்குள் போகும். ஆனால் மெல்லிய படலமாக, காய்ந்தபடி இருக்க வேண்டும். குவியலாகப் போட்டால் சுற்றிக்கொண்டு போய்விடும். கர்க்கடக மாத மழையில் கட்டி தட்டிவிடும்.

பிறகு கையால் தள்ளி அடிக்கும் ஃபிளிட் பம்பு, டிடிடி. கொச்சிக்கு வடக்கே, பெரியாற்றங்கரை ஏலூரில், இந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸ் என்ற பொதுத்துறை ஆலை 1958 முதல் டிடிடி தயாரித்தது. மலேரியாவை அடக்க அது நாட்டுக்குச் செய்த உதவியை மறுக்கக் கூடாது. ஆனால் பக்கத்துக் குழிக்கண்டம் தோடு என்ற ஓடையின் சேற்றில் டிடிடியும் அதன் உறவுக்கார ரசாயனங்களும் படிந்து, அந்த ஊர்க்காரர்கள் பல ஆண்டு போராடும்படி ஆயிற்று. 2004 ஜூலையில் ஆலையின் எண்டோசல்பான் பிரிவு தீப்பிடித்தது. கரப்பான் என்ன ஆனது? டிடிடியின் தம்பியான குளோர்டேனுக்கு இது பழகிவிட்டதை 1950-களின் தொடக்கத்திலேயே டெக்சாஸின் கார்ப்பஸ் கிறிஸ்டியில் கண்டுகொண்டார்கள். விஷம் தோட்டில் தங்கியது, பூச்சி சமையலறையில் தங்கியது.

இன்று கடையில் கிடைக்கும் ஸ்ப்ரேயும் லட்சுமண ரேகா சாக்பீஸும் பெரும்பாலும் பைரித்திராய்டு குடும்பம். அடித்தவுடன் நாலு கரப்பான் மல்லாந்து துடிக்கும். நமக்கு வெற்றி கொண்டாட அது போதும். இடுக்கில் இருக்கிற நானூறுக்கு அது சேதி மட்டும்தான், வேறு இடுக்குக்கு மாறிக்கொள்ளும். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தார் 2019-இல் எழுதியது இன்னும் மோசம். ஒரு மருந்துக்குப் பிழைத்தவற்றின் பிள்ளைகள், தாங்கள் பார்த்தேயிராத வேறு வகை மருந்தையும் ஒரே தலைமுறையில் தாங்கின.

இதில் சலித்துப்போய் சிலர் கோடவுனுக்கான செல்பாஸ் மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். சுக்கு, மஞ்சளில் வண்டு விழாமல் தார்ப்பாயால் மூடி, ஆள் விலகி நின்று போடும் மருந்து அது. அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு தூங்குகிற வீட்டில் ஆளைக் கொல்லும். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், வீட்டில் வைத்த எலி மருந்தின் நெடியில் இரண்டு குழந்தைகள் இறந்ததைப் பேப்பரில் எல்லோரும் படித்தோம்.

பலன் தந்தது ஜெல். இனிப்பில் ஃபிப்ரோனிலோ இமிடாகுளோப்ரிடோ கலந்த பசை. தின்ற கரப்பான் உடனே சாகாது. இடுக்குக்குத் திரும்பிச் செத்தபின், அதன் எச்சத்தையும் உடலையும் தின்கிற குஞ்சுகளும் சாகும். ஆனால் இதிலும் ஒரு திருப்பம். ஜூல்ஸ் சில்வர்மன் என்பவர் ஃபுளோரிடாக் குடியிருப்பு ஒன்றின் கரப்பான்கள் இனிப்பு வைத்த விஷத்தைத் தொடாததைக் கண்டு, 1993-இல் காரணத்தை எழுதினார். அவை வெறுத்தது விஷத்தை அல்ல, குளுக்கோஸை. இனிப்பு விரும்பிகள் எல்லாம் விஷம் தின்று செத்துப்போக, இனிப்பு பிடிக்காத சில பிழைத்துப் பெருகிவிட்டன. அவற்றின் நாக்கில் குளுக்கோஸ் பட்டால் கசப்பை உணரும் நரம்பு துடிக்கிறது என்று 2013-இல் தெரிந்தது. கூத்து அதோடு நிற்கவில்லை. சேரும் முன் ஆண் தன் முதுகுச் சுரப்பியில் இனிப்புத் திரவம் ஊறவைத்துப் பெண்ணுக்கு ஊட்டும். பெண்ணின் எச்சில் பட்டதும் அதிலுள்ள மால்டோஸ் குளுக்கோஸாக மாறும். குளுக்கோஸை வெறுக்கும் பெண்ணுக்கு அது கசந்து, இறங்கிப் போய்விடும். கல்யாணமே நின்றுவிடும் என்று பார்த்தால், ஆண்கள் சீக்கிரம் குளுக்கோஸாகாத சர்க்கரையைச் சுரந்து, காரியத்தையும் அவசரமாக முடிக்கப் பழகிக்கொண்டன. ஜெல் கம்பெனிகளும் சர்க்கரையை மாற்றிவிட்டன.

மட்டாஞ்சேரியில் என் அத்தை வீட்டுக்கு ஜெல் வைக்க ஒரு பையன் வந்தான். அலமாரிக் கீல், ஸ்டவ் அடி, ஸ்விட்ச் பெட்டி ஓரம், பிரிட்ஜ் ரப்பர் மடிப்பு என்று கடுகளவு கடுகளவாகச் சொட்டு வைத்தான். அத்தை ஆர்வத்தில் ஸ்ப்ரே டப்பாவை நீட்ட, “வேண்டா சேச்சி, அது அடிச்சா இது தின்னாது” என்று வாங்கி வெளியே வைத்தான். ராத்திரி சிங்க்கைத் துடைத்துக் காயவிடச் சொன்னான். பத்து நாளில் குறையும், முழுதாகப் போக மாதமாகும் என்றான். பிறகு பரணைப் பார்த்தான். அங்கே மிக்ஸி, குக்கர், டிவி வந்த அட்டைப்பெட்டிகள் கூரை முட்ட அடுக்கியிருந்தன.

“சேச்சி, ஆ பெட்டி எல்லாம் களயணம்.”

“எதை? மிக்ஸிப் பெட்டியையா? வாரண்டி முடிய இன்னும் ஒண்ணரை வருஷம் கெடக்குடா மோனே” என்றாள் அத்தை.