கழசல் மீனின் கதை

கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில் 1953ஆம் ஆண்டு இந்திய-நார்வே கூட்டுத் திட்டம் காலூன்றியபோது, படகுகளுக்கு இயந்திர பலம் சேர்த்துக் கடலோர ஏழைகளின் ஜீவனத்தை உயர்த்துவதே அதன் பிரதான நோக்கமாயிருந்தது. ஆயினும் அவ்வாண்டிலேயே கொச்சியிலிருந்து உறையவைத்த இறால் அமெரிக்காவுக்குக் கப்பலேறத் தொடங்கியதால், அதன் விலையில் மயங்கிய கேரளக் கரையும், பின்னர் தமிழ்க் கரையும், கடலடியை வாரிவரும் இழுவலையின் வசப்பட்டன.

இழுவலைக்கு இறால் வேறு, மற்றது வேறு என்ற பேதமில்லை. மடியை அவிழ்த்துவிட்டால், கொஞ்சம் இறாலோடு, விரல் நீளக் காரற்பொடியும், ஓடு முற்றாத நண்டும், வயிறு உப்பிய பேத்தையும், நெளிகிற கடற்பாம்பும், சங்கரா, கிழங்கான் குஞ்சுகளும் சேறும் சகதியுமாகப் படகில் சரிந்து விழும். ஆட்கள் குந்தியிருந்து இறாலைப் பொறுக்கிக் கூடையிலிட்ட பின், கழசல் எனப்படும் மிஞ்சியதைக் கடலுக்கே தள்ளிவிடுவது ஆரம்ப காலத்து வழக்கம். ஐஸையும் இடத்தையும் விலையற்ற பொருளுக்கு யார் செலவிடுவார்? அன்றன்றே திரும்பிய படகுகள் கொணர்ந்த கழசலில் தேறியதைப் பெண்கள் மணலில் உலர்த்திக் கருவாடாக்கினர். தேறாதது தென்னைக்கு எருவாயிற்று.

நாமக்கல் வட்டாரத்தில் கோழிப் பண்ணைகள் பெருகிய பின்போ, காய்ந்த கழசல் லாரி லாரியாகத் தீவனத்துக்குப் புறப்பட்டது. மீன்தூள் ஆலைகள் அதைப் பச்சையாகவே வாங்கிக்கொண்டன. வீணாவது பிரயோஜனப்பட்டதென்று இதனைச் சிலாகித்தவர் பலர். எனக்கு அது சம்மதமில்லை. ஏனெனில், கழிவுக்குக் காசு கிடைக்கத் தொடங்கியதும் அக்காசு டீசல் செலவில் ஒரு பங்கைத் தாங்கலாயிற்று. கண்ணியைப் பெரிதாக்கிக் குஞ்சைத் தப்பவிடுவது நஷ்டக் கணக்காயிற்று. அடுத்த ஆண்டு சந்தைக்கு வரவேண்டிய சங்கரா இந்த ஆண்டே கோழியின் இரைப்பையில் முடிந்தது.

சட்டம் இல்லாமலில்லை. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையையொட்டிய கடலில் விசைப்படகு இழுவலை வீசலாகாதென்கிறது. மடியின் நுனிக் கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையலாகாதென்பதும் விதி. 2001இல் 45 நாளாகத் தொடங்கிய மீன்பிடித் தடைக்காலம் 2017இல் 61 நாளாயிற்று. தடைக்காலத்தை ஊரே அறியும், படகுகள் வரிசையாகக் கட்டிக்கிடப்பதால். கண்ணியின் அளவோ துறைமுகத்தில் அளவுகோலோடு ஒருவர் இறங்கி நின்றால்தான் தெரியும்; மீன்வளத் துறையார் முதலில் அதைச் செய்யட்டும்.