ஓடிப்போனவர்

அப்பத்தாவின் தாத்தா ஓடிப்போனவர். அவரைப் பற்றி எங்கள் வீட்டில் இருந்தது இந்த ஒரு வரிதான். முதல் உலகப் போருக்கு ஆள் எடுத்தபோது போனார், திரும்பவில்லை, அங்கேயே யாரையோ கட்டிக்கொண்டு இருந்துவிட்டார். அவர் மகனுக்கு, அதாவது அப்பத்தாவின் அப்பாவுக்கு, சாகும்வரை ஊரில் 'ஓடிப்போனவன் மகன்' என்றுதான் பெயர். வரப்புச் சண்டை வந்தால் முதலில் வந்து விழும் வார்த்தை அது. தொண்ணூறைத் தாண்டிய அப்பத்தா இதைச் சொல்லும்போது இப்பவும் குரல் இறங்கிவிடும்.

முதல் தடயம் ஊர்ச் சாவடிச் சுவரில் பதித்த ஒரு கல். இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் 1914-1919 பெரும்போருக்குப் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர் விட்டார்கள் என்று இங்கிலீஷில் இருக்கும். இந்தியாவின் பல ஊர்களில் இதே கல் உண்டு. வாசகம் ஒன்று, எண் மட்டும் மாறும். எங்கள் கல்லில் இறந்தவர்கள் 2. பெயர் கிடையாது.

சரி, பத்திரிகையில் இருக்கும் என்று பழைய ஆங்கில நாளிதழ்களின் ஸ்கேன்களில் இறங்கினேன். 1916 ஏப்ரல் 29-ல் குட் நகரம் துருக்கியரிடம் சரணடைந்ததை ஒட்டிய வாரங்களை வரிவரியாகப் படித்தேன். நான் பார்த்த பக்கங்களில் வெள்ளை அதிகாரிகளுக்குப் பெயர், பள்ளிக்கூடம், அப்பாவின் பதவி எல்லாம் இருந்தது. மாதம் 11 ரூபாய் சம்பளத்துக்குப் போன சிப்பாய் மொத்தக் கணக்கில் ஒரு எண்.

அந்தப் போரில் இந்தியப் படை அதிகமாகப் போனது பிரான்ஸுக்கு அல்ல, மெசபடோமியாவுக்கு, இன்றைய இராக்குக்கு. அங்கே பஸ்ராவில் 1929-ல் திறந்த நினைவுச்சின்னத்தில் கல்லறை இல்லாத 40,000-க்கும் மேற்பட்டவர்களை நினைவுகூர்கிறார்கள். அதிலும் இதே கதைதான். அதிகாரிகளுக்குப் பெயர். சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு, படைப்பிரிவின் கீழே எத்தனை பேர் என்ற கணக்கு. 45,000 முதல் 54,000 வரையிலான ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களைச் சமமாக நினைவுகூரவில்லை என்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021-ல்தான் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

ஆனால் கல்லில் இல்லாத பெயர்கள் அந்த ஆணையத்தின் பதிவேட்டில் இருக்கின்றன. பெயர், இன்னார் மகன், ஊர், ஜில்லா. பார்த்ததும் கை நடுங்கியது. தேடினால் எதுவும் வரவில்லை.

கோளாறு எழுத்துக்கூட்டலில். அவர் பெயர் சின்னசாமி மாதிரி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒலியை வைத்துப் பெயர் தேட சவுண்டெக்ஸ் என்று ஒரு முறை உண்டு, 1918-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு மிச்சத்தை எண்ணாக்கும். ஒரு குமாஸ்தா காதில் 'ச்சி' என்று விழுந்தால் சி525. இன்னொருவர் காதில் 'ஸி' என்று விழுந்தால் எஸ்525. நமக்கு ஒரே ஆள், கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். 'பழனி' போன்ற பெயர் என்றால் 'ழ' இன்னும் படுத்தும். முதல் எழுத்து விதியைத் தூக்கிவிட்டு நானே ஒரு நிரல் எழுதினேன். (ஆபீஸ் நேரத்தில்தான். மேனேஜருக்குத் தமிழ் தெரியாது.)

இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒரே பெயர், எங்கள் ஊர். ஒருவர் மதராஸ் சாப்பர்ஸ் படையில், 1916. இன்னொருவர் கூலிப்படையில், 1918. ஒருவருக்கு மதுரை ஜில்லா என்றும் மற்றவருக்கு ராமநாதபுரம் ஜில்லா என்றும் போட்டிருக்கிறது. ராமநாதபுரம் தனி ஜில்லாவானதே 1910-ல், எழுதியவருக்கும் குழப்பம்தான் போலிருக்கிறது. செத்திருந்தால் தபால் வந்திருக்காதா என்று அப்பா கேட்டார். எந்த ஜில்லாவுக்குப் போனதோ!

பாட்டன் பெயரைப் பேரன்கள் எல்லாருக்கும் வைக்கிற குடும்பங்களில் பங்காளிகள் இரண்டு பேருக்கு ஒரே பெயர் இருப்பது சாதாரணம். தகப்பன் பெயரை வைத்துப் பிரிக்கலாம் என்றால், எங்கள் வீட்டில் நினைவிருப்பது 'மொட்டையன்' என்ற பட்டப்பெயர் மட்டும். பதிவேட்டில் பட்டப்பெயர் ஏது.

அப்பத்தாவிடம் போய்ச் சொன்னேன். இரண்டில் ஒருத்தர்தான், எது என்று உறுதியாச் சொல்ல முடியலை, ஆனா ரெண்டு பேருமே அங்கேயே செத்துட்டாங்க.

கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப ஓடிப்போகலியா?"

"இல்ல அப்பத்தா."

"எங்கய்யா இருக்கும்போது இதச் சொல்ல ஆளில்லாமப் போச்சே" என்றது. பிறகு இரண்டு தேதிகளையும் கேட்டது. எந்தத் தேதிக்குப் படையல் போடுவது என்று தெரியவில்லையே என்றேன்.

"ரெண்டுக்கும் போட்டுருவோம்டா. ஒருத்தரு நம்ம ஆளு. இன்னொருத்தருக்கு யாரு போடுறா?"

காலண்டரில் இரண்டு தேதிகளையும் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். முதலாவது வருகிற மாதம்.