ஆவியில் வெந்த உணவும் தொடுகறியும்: சேர்வராயன் மலையிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

ஆவியில் வேகவைத்த மாவுப் பண்டங்கள் ஆசியா முழுவதும் உண்டு. சீனாவில் மாந்தோவும் பாவ்ஸியும், ஜப்பானில் மஞ்சூவும், திபெத்திலும் நேபாளத்திலும் மோமோவும், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பாவும் உண்ணப்படுகின்றன. தமிழ்நாட்டில் இந்த வரிசையில் இருப்பவை இட்லி, இடியாப்பம், புட்டு, கொழுக்கட்டை ஆகியவை. இவற்றின் பிறப்பைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளது. இவற்றோடு சேர்த்து எதை உண்டார்கள், ஏன் அதைத் தேர்ந்தார்கள் என்பது பற்றி எழுதப்பட்டது குறைவு. இக்கட்டுரை அந்தத் தொடுகறியின் வரலாற்றைச் சொல்கிறது. சேலம் மாவட்டம் ஏற்காடு வட்டத்தில், குப்பனூர் வழியாக மலையேறும் சாலையில் உள்ள கொட்டச்சேடு பகுதியில் நான் ஆசிரியராக இருந்தபோது கண்டவையும் இதில் இடம்பெறுகின்றன.

சொல்

பக்க உணவுக்குத் தமிழில் பல சொற்கள் உள்ளன. பேச்சில் மிகவும் வழங்குவது 'தொட்டுக்கொள்ள' என்பது. "தொட்டுக்க என்ன?" என்றுதான் வீட்டில் கேட்கிறோம். உண்ணும் செயலே பண்டத்துக்குப் பெயராகிவிட்டது. 'வெஞ்சனம்' என்ற சொல் இன்றும் சில மாவட்டங்களில் வழக்கில் உள்ளது. 'வியஞ்சனம்' என்ற வடசொல்லின் திரிபு அது. சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் இறைவனுக்குப் படைக்கும் சோற்றோடு கறியமுது, நெய்யமுது, தயிரமுது ஆகியவை தனித்தனியாகக் குறிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் அளவும் தரப்பட்டுள்ளது. சோறு மட்டும் உணவாகாது, அதனோடு சேர்வதும் அளந்து தரப்படவேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் பழையது.

காரம் உள்ளே இருந்த காலம்

உணவு வரலாற்று அறிஞர் கே. டி. அச்சயா இட்லியின் பழைய குறிப்புகளைத் தொகுத்துள்ளார். சுமார் 920-ஆம் ஆண்டைச் சேர்ந்த 'வட்டாராதனெ' என்ற கன்னட நூலில் 'இட்டலிகெ' வருகிறது. சுமார் 1025-இல் இரண்டாம் சாவுண்டராயர் எழுதிய 'லோகோபகாரம்' அதன் செய்முறையையும் தருகிறது. உளுந்தை மோரில் ஊறவைத்து நன்றாக அரைத்து, தயிரின் தெளிந்த நீரைச் சேர்த்து, கொத்தமல்லி, சீரகம், மிளகு, பெருங்காயம் ஆகியவற்றைக் கலக்கவேண்டும் என்கிறது அந்நூல். சாளுக்கிய மன்னர் மூன்றாம் சோமேசுவரரின் 'மானசோல்லாசம்' (சுமார் 1130) 'இட்டரிகா' என்று குறிப்பிடும் பண்டத்துக்கும் மிளகும் சீரகமும் பெருங்காயமுமே சுவை தந்தன.

அந்தப் பண்டங்களில் அரிசி இல்லை, நீண்ட நேரம் புளிக்கவைப்பதும் இல்லை என்று அச்சயா சுட்டிக்காட்டுகிறார். நமக்கு இங்கே முக்கியமானது வேறொன்று. அப்போது காரமும் மணமும் மாவுக்குள்ளேயே இருந்தன. அப்படிப்பட்ட பண்டத்துக்குத் தனியாகத் தொடுகறி அவ்வளவு தேவைப்படாது.

இந்தப் பழைய முறையின் சாயலைக் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியில் இன்றும் காணலாம். மிளகு, சீரகம், சுக்கு சேர்த்த மாவை, மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் ஊற்றி வேகவைக்கிறார்கள். அதைச் சட்னி இல்லாமலே உண்ணலாம். மதுரைக்காஞ்சியில் மதுரைக் கடைவீதியில் விற்கப்படும் மோதகமும் உள்ளீடு வைத்துப் பிடித்ததுதான். நம் பூரணக் கொழுக்கட்டை அந்த மரபில் வருவது. கொழுக்கட்டைக்குத் தொட்டுக்கொள்ள யாரும் கேட்பதில்லை.

சீனத்திலும் இதே கதை

சீனாவின் ஆவி ரொட்டி வரலாறும் இதைப் போன்றதே. 'மாந்தோ' என்ற சொல் 3-ஆம் நூற்றாண்டிலேயே எழுத்தில் உள்ளது. முற்காலத்தில் உள்ளீடு வைத்ததையும் அப்பெயராலேயே அழைத்தனர். சோங் அரச காலத்தில் 'பாவ்ஸி' என்ற பெயர் பரவியது. பின்னர் வட சீனாவில் உள்ளீடு உள்ளது பாவ்ஸி, இல்லாதது மாந்தோ என்று பிரிந்தது. ஷாங்காய்ப் பகுதியில் இன்றும் உள்ளீடு உள்ளதையும் மாந்தோ என்றே சொல்கின்றனர்.

இந்தப் பிரிவுக்கு ஏற்பத் தொடுகறியும் மாறியது. பாவ்ஸிக்குச் சிறிது சோயா சாறோ காடியோ போதும். வெறும் மாந்தோவுக்கு ஊறுகாய், கீரை வதக்கல், குழம்புள்ள இறைச்சி ஆகியவை வேண்டும். தைவானின் 'குவா பாவ்' என்ற பிளந்த ரொட்டியில் பன்றி இறைச்சி, ஊறவைத்த கடுகுக்கீரை, கொத்தமல்லி ஆகியவற்றோடு வேர்க்கடலைப் பொடியும் தூவப்படுகிறது. நம் இட்லிப் பொடியை நினைவூட்டும் வழக்கம் இது. சிங்கப்பூரில் மிளகாய் நண்டுக் குழம்பைத் துடைத்து உண்ண மாந்தோ தருகிறார்கள். மலேசியாவிலோ கோழிக் கறியை உள்ளே வைத்த 'கறி பாவ்' விற்கிறார்கள்.

காரம் வெளியே வந்தது

இட்லியில் அரிசி சேர்ந்து, மாவு இரவு முழுவதும் புளித்து, பண்டம் வெண்மையாகவும் மென்மையாகவும் ஆனபோது உள்ளே இருந்த காரம் வெளியே வந்துவிட்டது. இன்று இட்லிக்கு நாம் 'பழைய' தொடுகறிகள் என்று நினைப்பவற்றுள் பல மிகவும் புதியவை.

மிளகாய் போர்த்துக்கீசியர் வழியாக 16-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அதற்கு முன் நம் காரம் மிளகுதான். தக்காளியும் அதே கண்டத்துப் பயிர்; தமிழர் சமையலில் அது பரவலானது ஆங்கிலேயர் காலத்திலும் அதற்குப் பின்னரும்தான். வேர்க்கடலையும் அங்கிருந்து வந்ததே. 19-ஆம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டில் பெரும் பயிராக வளர்ந்து, மற்ற மாவட்டங்களின் மானாவாரி நிலங்களிலும் பரவியது. ஆகவே மிளகாய்ப் பொடியும் தக்காளிச் சட்னியும் வேர்க்கடலைச் சட்னியும் சோழர் காலத்தில் இருந்திருக்க முடியாது.

சாம்பாருக்குத் தஞ்சை மராட்டிய அரண்மனையோடு தொடர்புபடுத்தி ஒரு கதை சொல்லப்படுகிறது. சத்ரபதி சம்பாஜியின் பெயரால் அந்தக் குழம்புக்குப் பெயர் வந்ததாம். இது செவிவழிக் கதைதான்.

பொருத்தத்தின் கணக்கு

தொடுகறியைத் தேர்வதில் நம் முன்னோர் ஒரு கணக்கு வைத்திருந்தனர். ஆவியில் வெந்த பண்டத்தில் எண்ணெய் இல்லை, காரம் இல்லை, உப்பும் குறைவு. எது இல்லையோ அதைத் தொடுகறி தரவேண்டும்.

இட்லியில் புளிப்பு இருக்கிறது. ஆகவே கொழுப்பும் இலேசான இனிப்பும் உள்ள தேங்காய்ச் சட்னி அதற்குச் சேர்கிறது. பொடியானால் நல்லெண்ணெய் கட்டாயம். புட்டு உதிரியாகவும் வறட்சியாகவும் இருக்கும். அதைச் சேர்த்துப் பிசைய கடலைக் கறியோ வாழைப்பழமோ வேண்டும். இடியாப்பம் குழம்பை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் தேங்காய்ப் பாலும் ஆட்டுக்கால் பாயாவும் பொருந்துகின்றன. யாழ்ப்பாணத்தில் சொதியும் சம்பலும் சேர்ப்பதும் இதனால்தான். பாவில் புளிப்பு இல்லை, மாவில் சிறிது இனிப்பு உண்டு. அதனால் அதற்கு ஊறுகாயும் உப்பும் ஒத்துவருகின்றன.

சத்துக் கணக்கிலும் இது சரியே. தானியப் புரதத்தில் லைசின் குறைவு, பருப்புப் புரதத்தில் மெத்தியோனின் குறைவு. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும். பருப்பும் கீரையும் கடலையும் நாக்குக்காக மட்டும் வந்தவை அல்ல.

மலையின் கதை

சேர்வராயன் மலையில் வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுகின்றனர். கேரளத்தோடு தொடர்பில்லை, மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகளின் வழியினர் என்று அவர்கள் சொல்லும் கதையை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்துள்ளார். காஞ்சியிலிருந்து இட்லியும் கூடவே வந்தது என்று எண்ணிவிடக்கூடாது. மலையின் தானியங்கள் சாமையும் கேழ்வரகும் தினையும்தான். சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் அன்றாட உணவு. இட்லி இங்கும், கீழே சமவெளிக் கிராமங்களிலும், பண்டிகை நாளின் பலகாரமாகவே நெடுங்காலம் இருந்தது. தீபாவளிக் காலையில் இட்லியும் கறிக் குழம்பும் என்ற வழக்கம் அதன் அடையாளம்.

மலையில் இட்லிக்கு இயற்கையே தடையாக இருந்தது. மாவு பொங்குவதற்குச் சுமார் 30 டிகிரி வெப்பம் ஏற்றது. ஏற்காட்டில் குளிர்கால இரவில் வெப்பநிலை 15 டிகிரிக்கும் கீழே இறங்கும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் துவரம்பருப்பு வேகவும் அதிக நேரமும் விறகும் பிடிக்கும். தேங்காயும் துவரையும் நல்லெண்ணெயும் கீழிருந்து மேலேறி வரவேண்டியவை.

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் இங்கே காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார். தோட்டங்கள் பெருகின. நிழல் மரங்களில் மிளகுக் கொடி ஏறியது. தோட்டக் கூலியும் சந்தையும் சாலையும் வந்தபின் அரிசியும் வந்தது. கோயம்புத்தூரில் 1955-இல் பி. சபாபதி மின் மாவரைக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். பின்னர் அது ஊர்தோறும் பரவியது. 2008-இல் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011 முதல் விலையில்லாமலும் நியாய விலைக் கடையில் அரிசி கிடைத்தது. பண்டிகைப் பலகாரம் அன்றாட உணவானது. இது நல்ல மாற்றம். பசியோடு வகுப்பில் அமரும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் அந்த மாற்றத்தில் ஒன்று விடுபட்டது. தொண்ணூறுகளில் கொட்டச்சேட்டுக்கு அருகே ஒரு மாணவனின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அவனுடைய பாட்டி எனக்கு இட்லி வைத்தார். தொட்டுக்கொள்ள நீர்த்த மிளகாய்ச் சட்னி. நான் பழைய உணவைப் பற்றிக் கேட்டேன். "களிக்கு நாலு வகை தொட்டுக்க இருந்துச்சு வாத்தியாரே, இட்லிக்கு இது ஒண்ணுதான்" என்றார். அந்த நான்கையும் எண்ணிச் சொன்னார்: கீரைக் கடைசல், கொள்ளுக் கடைசல், அவரைக் கொட்டைக் குழம்பு, காய்ந்த மொச்சைக் குழம்பு.

அவர் சொன்னதன் பொருள் எனக்குப் பின்னரே விளங்கியது. சாமைக் கொல்லையில் சாமை மட்டும் விளையவில்லை. ஓரத்திலும் ஊடேயும் அவரை, மொச்சை, கொள்ளு விளைந்தன. விதைக்காத கீரைகளும் முளைத்தன. தானியமும் தொடுகறியும் ஒரே நிலத்தில் விளைந்தவை. நிலம் காப்பிக்கும் வேறு பயிருக்கும் மாறியபோது சாமையின் இடத்தை நிரப்பக் கடை அரிசி வந்தது. அவரையின் இடத்தை நிரப்ப எதுவும் தானாக வரவில்லை. காசு கொடுத்து வாங்கவேண்டியிருந்தது. கூலிக் குடும்பத்தில் முதலில் குறைவது அதுதான். நான் பார்த்த ஒரு மாணவர் விடுதியிலும் தட்டில் இட்லிக்குக் குறைவில்லை. சாம்பாரில்தான் பருப்பைத் தேடவேண்டியிருந்தது.

அரசு ஏட்டில் தொடுகறி

பொது உணவுத் திட்டங்களில் தொடுகறிக்கு என்ன இடம் தரப்பட்டது என்பதும் இந்த வரலாற்றின் பகுதியே. 2013-இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லிக்குச் சாம்பாரும் சேர்த்தே தரப்பட்டது. 2022 செப்டம்பர் 15-இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கல் ஆகியவற்றோடு காய்கறிச் சாம்பார் உண்டு. ஒரு பிள்ளைக்கு அரிசி அல்லது ரவை 50 கிராம் என்றால் சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம் என்று அளவு வகுக்கப்பட்டு, உள்ளூரில் கிடைக்கும் காய்கறிகளைச் சேர்க்கவும் சொல்லப்பட்டுள்ளது. கறியமுதுக்கும் நெய்யமுதுக்கும் தனியே அளவு எழுதிய கல்வெட்டு மரபின் தொடர்ச்சியாக இதைக் காணலாம். 'உள்ளூரில் கிடைக்கும்' என்ற சொற்களை மலையில் உள்ள சமையலர்கள் அவரை, மொச்சை, கீரை என்று படித்தால், பாட்டி எண்ணிச் சொன்ன நான்கில் மூன்று மீண்டும் தட்டுக்கு வந்துவிடும்.

பதிவு செய்யவேண்டியது

இட்லிக்குக் கொள்ளுக் கடைசலும், சாமை இட்லிக்குக் கீரைக் கடைசலும் நன்றாகவே பொருந்துகின்றன. நான் வீட்டில் செய்து பார்த்திருக்கிறேன். புளிக்காத பாவுக்கும் மோமோவுக்கும்கூட புளி சேர்த்த அவரைக் கொட்டைக் குழம்பு ஒத்துவரும். ஏற்காட்டுக்கு வரும் பயணிகளுக்கு மோமோவோடு சிவப்புச் சட்னி தரும் கடைக்காரர்கள் ஒருமுறை முயன்று பார்க்கலாம்.

நம் ஊர்களின் தானியப் பெயர்கள் ஓரளவு பதிவாகிவிட்டன. கடைசல், குழம்பு, துவையல் வகைகளின் பெயர்களும் செய்முறைகளும் இன்னும் முதியவர்களின் நினைவில் மட்டுமே உள்ளன. வாசகர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் "அப்போது எதைச் சாப்பிட்டீர்கள்?" என்று கேட்பதோடு, "தொட்டுக்க என்ன இருந்தது?" என்றும் கேட்டு எழுதிவைக்கவேண்டும்.