சாஞ்சிக்கு நாம் தரும் காணிக்கை

இருப்புப்பாதை அலுவலகத்திலே நாள்தோறும் பணத்தை எண்ணி வாங்கும் நாம், 2017ஆம் ஆண்டில் வெளிவந்த இருநூறு ரூபாய்த் தாளின் பின்புறத்தை எத்தனை முறை உற்று நோக்கியிருப்போம்? அதில் விளங்குவது, நாம் வாழும் போபாலிலிருந்து ஏறத்தாழ 46 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சாஞ்சித் தூபியே ஆகும். அத்தூபிக்கும் பணத்துக்கும் உள்ள தொடர்பு இன்று நேற்று ஏற்பட்டதன்று.

அசோகர் காலத்தில் செங்கல்லால் எழுந்த தூபி, பின்னர் பெரிதாக்கப்பட்டுக் கற்போர்வை பெற்றது. அதனைச் சூழ்ந்த கல்வேலி அரசனின் கருவூலத்தை மட்டும் நம்பி எழவில்லை. வணிகரும் துறவியரும் இல்லறப் பெண்டிரும் தத்தம் ஆற்றலுக்கேற்ப அளித்த கொடைகள் நூற்றுக்கணக்கான கல்வெட்டுகளில் காணப்படுகின்றன. விதிசை நகரத்துத் தந்தச் சிற்பிகளின் கைவண்ணம் தெற்குத் தோரண வாயிலில் பெயரோடு நிற்கிறது.

காலப்போக்கில் சாஞ்சி கைவிடப்பட்டுக் காடு மண்டியது. அசோகர் நிறுவிய தூணைக் கரும்பாலைக்கு ஆகுமென எண்ணி உள்ளூர் நிலக்கிழார் ஒருவர் உடைத்தாராம். 1818இல் ஆங்கிலத் தளபதி டெய்லர் கண்ணில் பட்ட பின்னரோ, புதையல் தேடியவர்கள் தூபிகளையே குடைந்து சிதைத்தனர். கிழக்குத் தோரண வாயிலைத் தம் நாட்டுக்குக் கொண்டுசெல்லப் பிரெஞ்சுக்காரர் போபால் அரசி ஷாஜஹான் பேகத்திடம் இசைவு வேண்டினர். முடிவில் சுதை அச்சுப்படியோடு மனநிறைவு அடைந்தனர். வாயில் பிழைத்தது.

ஷாஜஹான் பேகமும் அவருடைய மகளார் சுல்தான் ஜஹான் பேகமும் சாஞ்சியைக் காக்கப் பொருளுதவி செய்தனர். 1912 முதல் 1919 வரை ஜான் மார்ஷல் சீரமைப்பு வேலைகளை நடத்தினார். இசுலாமிய அரசியர் பௌத்தத் தூபிக்குச் செலவிட்ட அப்பணம் வீண்செலவு ஆயிற்றா? 1989இல் சாஞ்சி உலக மரபுச் சின்னமாயிற்று. இன்று அங்கே வழிகாட்டியும், வண்டியோட்டியும், தேநீர்க் கடைக்காரரும், விடுதிப் பணியாளரும் பிழைக்கின்றனர். நம் இருப்புப்பாதைக்கும் பயணச்சீட்டு வருவாய் கிடைக்கிறது. வாயில் கடல் கடந்து போயிருந்தால் இப்பிழைப்பில் ஒரு பங்கும் அதனுடன் போயிருக்கும் அன்றோ!

ஆனால் ஒன்றை மறத்தல் கூடாது. நுழைவுக் கட்டணம் அரசின் பொதுக் கருவூலத்தைச் சேர்கிறது. ஊராரின் கையில் சேர்வது, வருவோர் ஊரில் செலவிடும் காசே.

நாம் செய்வது என்ன? தாயகத்திலிருந்து உறவினர் வந்தால் புளியோதரையும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு காலை வண்டியில் செல்கிறோம், மரநிழலில் உண்கிறோம், மாலை வண்டியில் மீள்கிறோம். வழிகாட்டி அருகே வந்தால், "வேண்டா" என்று கையசைக்கிறோம். சாஞ்சியில் நாம் விட்டு வருவது பெரும்பாலும் எச்சிலிலைகளையே என்பதை எண்ண வெட்கமாக உள்ளது.

ஆகவே நம் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். அடுத்த சுற்றுலாவில் உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்துவோம். அவர் உரைப்பதைத் தமிழில் நம் சிறுவர்க்கு எடுத்துரைப்போம். ஒரு வேளையாவது ஊர்க் கடையில் உண்போம். 1996இல் அமைந்த தேசியப் பண்பாட்டு நிதியம் நன்கொடைகளை ஏற்கிறது. ஆண்டு விழா வரவில் ஒரு சிறு பங்கை அதற்கு ஒதுக்குவோம். ஒரே ஒரு கல்லை ஈந்தவரின் பெயரும் அக்கல்வேலியில் இன்றளவும் நின்று ஒளிர்கிறது. நாம் கொடுப்பதும் சிறிதே எனத் தயங்க வேண்டுவதில்லை.