குடல் கேட்டுப் பெற்ற மருந்து

செரோடோனின் என்றதும் மூளையும் மனச்சோர்வும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் உடலிலுள்ள செரோடோனினில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு குடலில்தான் இருக்கிறது. அதை முதலில் கண்டதும் அங்கேதான். 1930களில் இத்தாலியின் பவியா நகரில் விட்டோரியோ எர்ஸ்பாமர் அதற்கு 'என்டெரமின்' என்று பெயரிட்டார். 1948இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட செரோடோனினும் அதுவும் ஒன்றே என்பது 1952இல் தெளிவாயிற்று. பெயர்ப் போட்டியில் குடல் தோற்றது!

கினிப்பன்றியின் சிறுகுடலில் இப்பொருளுக்கு இருவகை ஏற்பிகள் உண்டென 1957இல் கேடமும் பிக்காரெல்லியும் காட்டினர். அவற்றுள் நரம்பில் அமைந்தது, பின்னாளில் மூன்றாம் வகை ஏற்பி எனப்பட்டது. வலியை மூளைக்கு உணர்த்தும் குடல் நரம்புகளிலும் அது உள்ளது.

அதை அடைக்கும் மருந்துதான் அலோசெட்ரான். எரிச்சல்மிகு குடல் நோயால் வலியும் வயிற்றுப்போக்குமாக அவதியுற்ற பெண்களுக்கென 2000 பிப்ரவரியில் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. பலருக்கு வலி தணிந்தது. சிலருக்கோ இரத்த ஓட்டம் குன்றிக் குடல் புண்பட்டது, கடும் மலச்சிக்கலும் நேர்ந்தது, மரணங்களும் பதிவாயின. அவ்வாண்டு நவம்பரிலேயே மருந்து விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது.

வியப்பு இதற்குப் பின்னர்தான். மருந்தைத் திரும்பத் தருமாறு நோயாளிகளே மன்றாடினர். உயிருக்கு ஆபத்தில்லாத நோய்தானே என்பது மருத்துவ நூலின் கணக்கு. கழிப்பறையை விட்டு அகல அஞ்சி வாழ்பவரின் கணக்கு வேறு; என் மனம் இரண்டாவதன் பக்கமே சாய்கிறது. 2002 ஜூனில் அம்மருந்துக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. தொடக்க அளவு பாதியாக்கப்பட்டிருந்தது; அபாயத்தை அறிந்தே ஏற்பதாக நோயாளி கையெழுத்திட வேண்டியிருந்தது.