நைட்ரைடு படிகங்களை வளர்ப்பது கடினமாக இருப்பது ஏன்?

கைபேசிகளின் அதிவேக சார்ஜர், நீல ஒளி தரும் எல்இடி விளக்கு, நவீன ரேடார் ஆகியவற்றில் பயன்படும் குறைக்கடத்தி காலியம் நைட்ரைடு. ஆனால், அதன் தூய பெரும்படிகத்தை வளர்ப்பது இன்றளவும் செலவு மிக்க பணியாகவே உள்ளது.

இதற்குக் காரணம் நைட்ரஜனே. காற்றில் சுமார் 78 சதவீதம் நிறைந்திருந்தாலும், அதன் இரு அணுக்களையும் பிணைத்திருக்கும் முப்பிணைப்பை உடைக்க மோலுக்கு ஏறத்தாழ 945 கிலோஜூல் ஆற்றல் தேவை. உடைத்து உலோகத்துடன் சேர்த்தாலும் சிக்கல் தீர்வதில்லை. வெப்பம் உயரும்போது நைட்ரஜன் அணுக்கள் உலோகத்தை விட்டு விலகி, மீண்டும் தமக்குள் இணைந்து வாயுவாக வெளியேறிவிடும். எனவே, சிலிக்கானைப் போல உருக்கிப் படிகமாக இழுக்க இயலாது. காலியம் நைட்ரைடு சிதையாமல் உருக 2,200 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பமும், வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 60 ஆயிரம் மடங்கு அழுத்தமும் வேண்டும். தொழிற்சாலையில் இது நடைமுறைக்கு ஒவ்வாதது.

இரண்டு உலோகங்கள் கலந்த நைட்ரைடுகளில் நிலைமை சற்று வேறு. கால்சியம், துத்தநாகம், நைட்ரஜன் சேர்ந்த சேர்மத்தில், கால்சியம் தன் எலக்ட்ரான்களைத் தாராளமாகக் கொடுத்துவிடுகிறது. அதனால் வலுப்பெறும் நைட்ரஜன், துத்தநாகத்துடன் எலக்ட்ரான்களைப் பகிர்ந்து நேர்கோட்டில் உறுதியாகப் பிணைகிறது. ஒரே படிகத்துக்குள் அயனிப் பிணைப்பும் சகப்பிணைப்பும் அருகருகே அமைகின்றன. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பிரான்சிஸ் டிசால்வோ குழுவினர் 1990-களில் இத்தகைய சேர்மங்களை விரிவாக ஆராய்ந்தனர்.

அக்குழுவினருடன் ஜப்பானிய வேதியியலாளர் ஹிசனோரி யமானே இணைந்து 1997-இல் வெளியிட்ட முறை, காலியம் நைட்ரைடுக்கும் வழி திறந்தது. உருகிய சோடியத்தில் காலியத்தைக் கரைத்தால், 800 டிகிரி செல்சியஸ் அளவிலேயே, 100 வளிமண்டலத்துக்கும் குறைந்த அழுத்தத்தில் படிகம் வளர்கிறது. நைட்ரஜன் உருகலில் கரைய உதவும் சோடியம், படிகத்தில் சேர்வதில்லை. எனினும், வளர்ச்சி மிக மெதுவானது.

ஆகவே, பெரும்பாலான சாதனங்களில் நீலக்கல், சிலிக்கான் அல்லது சிலிக்கான் கார்பைடு தகட்டின் மீது காலியம் நைட்ரைடு மெல்லிய படலமாகவே வளர்க்கப்படுகிறது. நீலக்கல்லில் அணு இடைவெளிகள் சுமார் 16 சதவீதம் பொருந்தாததால் படலத்தில் குறைபாடுகள் பெருகுகின்றன. சிலிக்கான் கார்பைடில் இவ்வேறுபாடு 3.5 சதவீத அளவே. இந்தியாவில் 4 அங்குல சிலிக்கான் கார்பைடு தகடுகளையும், 150 வாட் வரையிலான காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர்களையும் உள்நாட்டிலேயே தயாரிக்கும் முறையை டிஆர்டிஓ-வின் தில்லி ஆய்வகம் உருவாக்கியுள்ளதாக 2024-இல் அறிவிக்கப்பட்டது.