பழைய போஸ்ட் கார்டு கிடைச்சா, முதல்ல பின்பக்கத்தைப் பாருங்க!

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்துல காணாமப் போயிடும். நூறு வருஷத்துக்கு முன்னாடி யாரோ தபால்பெட்டியில் போட்ட பட அஞ்சலட்டைகள் இன்னும் ஏலத்துக்கு வந்துக்கிட்டிருக்கு. இதைச் சேகரிக்கிற ஹாபிக்கு 'டெல்டியாலஜி'ன்னு பேர். பேரை மறந்துடலாம், தப்பில்லை. நீங்க தூத்துக்குடிக்காரரா இருந்தா, விஷயத்தை மட்டும் விட்டுடாதீங்க.

1876-ல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. கொழும்பு போகிறவர்கள் இங்கே இறங்கித்தான் கப்பல் ஏறினார்கள். வ.உ.சி 1906-ல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்கியதும் இதே ரூட்டுக்காகத்தான். 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும் போட் மெயில் தனுஷ்கோடிக்குப் போய்விட்டது. அதனால 'இது 1914-க்கு முன்னாடியா, பின்னாடியா?' என்பது இந்த ஊர் கார்டைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

பதில் பின்பக்கத்தில் இருக்கு. நடுவில் கோடு இல்லாமல், முகவரிக்கு மட்டும் இடம் விட்டிருந்தால் ரொம்பப் பழசு. ஒரு பாதியில் கடிதம், மறு பாதியில் முகவரி என்கிற முறையை பிரிட்டன் 1902-ல் அனுமதித்தது. மற்ற நாடுகள் அடுத்தடுத்து வந்தன. ஸ்டாம்பில் எட்வர்டு மன்னர் தலை என்றால் 1902-க்கு அப்புறம். ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1911-க்கு அப்புறம். போன் கேமராவை நல்லா ஜூம் பண்ணுங்க. படம் புள்ளி புள்ளியாத் தெரிஞ்சா அச்சு. தெரியலைன்னா அசல் போட்டோவா இருக்க வாய்ப்பு அதிகம்.

முத்துக்குளிப்பு கார்டுகளில் வேற ஒரு சிக்கல். 'தூத்துக்குடி'ன்னு மட்டும் தேடினா பாதி தப்பிடும். 1900-களின் தொடக்கத்தில் பெரிய சிலாபங்கள் இலங்கைப் பக்கம், மரிச்சுக்கட்டியில் நடந்தன. தூத்துக்குடி, கீழக்கரை ஆட்கள் அங்கே போய்க் குளித்தார்கள். அதனால 'சிலோன்'னு போட்ட கார்டில் நிற்பது உங்க தெருக்காரரோட கொள்ளுத்தாத்தாவா இருக்கலாம். அள்ளிய சிப்பியில் மூன்றில் ஒரு பங்குதான் குளித்தவருக்கு. மிச்சம் அரசாங்கத்துக்கு. கார்டில் அவர் பேரும் இருக்காது, வெறும் 'முத்துக்குளிப்பவர்'தான். தூத்துக்குடியில் 1961-க்குப் பிறகு சிலாபமே இல்லை. குளித்ததை நேரில் பார்த்தவர்களுக்கு இப்போ வயசு எழுபதுக்கு மேல. கார்டோட ஸ்கேனை அவங்ககிட்ட காட்டுங்க. படகு எது, கயிறு பிடிக்கிறவர் யார், கல் எதுக்குன்னு அவங்க சொல்றதைத் தனித் தாளில் எழுதி வைங்க. கார்டு மேல பேனா படவே கூடாது.

லேமினேஷன் பண்ணிடாதீங்க, கார்டு செத்துடும். ஒட்டுற ஆல்பமும் வேண்டாம். உப்புக்காத்து ஊர்ல பாலிப்ரொப்பிலீன் கவரும் சிலிக்கா ஜெல் பாக்கெட்டும் போதும். ஸ்டாம்பைப் பிய்ச்சு எடுக்கிறதைப் போல பாவம் இந்த ஹாபியில் வேறில்லை.

பழைய கார்டு வாங்க பட்ஜெட் இல்லையா? போஸ்ட்கிராஸிங் இருக்கு. போர்ச்சுகலில் 2005-ல் தொடங்கினது. முன்பின் தெரியாத ஒருத்தருக்கு நீங்க ஒரு கார்டு அனுப்பினா, வேற நாட்டிலிருந்து வேற யாரோ உங்களுக்கு அனுப்புவாங்க. பதிவு இலவசம், தபால் செலவு மட்டும் உங்களுது. வீட்டு முகவரியைக் கொடுக்கணும், அதனால வீட்ல ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. உப்பளம், முயல் தீவு, பனிமய மாதா கோயில்னு நீங்க எடுத்த போட்டோவையே கெட்டி அட்டையில் பிரின்ட் போட்டு அனுப்பலாம். படத்துக்குக் கீழே இடமும் தேதியும், ஆள் இருந்தா அவரைக் கேட்டுட்டு அவர் பேரும் போடுங்க. உறைக்குள் வைக்காம அப்படியே அனுப்புங்க, தூத்துக்குடி முத்திரை கார்டு மேலேயே விழட்டும்.